வடக்குத் தெரு அட்டையில் தெற்குத் தெரு முகம்

நான் பிறவிச் சந்தேகக்காரன். பால்காரர் சிரித்தால் பாலில் எதையோ கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காமல் போனால் நிறையவே கலந்துவிட்டார் என்று முடிவுகட்டுவேன். இந்தக் குணத்தோடு சாப்ட்வேர் வேலையில் இத்தனை வருடம் ஓட்டிவிட்டு, ஐம்பதைத் தாண்டியதும் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியை விட்டாலும் வாய் ஓயவில்லை. அதனால் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்.

உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், டேட்டாபேஸ்ல இருக்கற போட்டோவ எடுத்து, வெப் அப்ளிகேஷன் போடற டாக்குமென்ட்ல வெக்கறதெல்லாம் ஒரு வேலையா? ஒரு வரி எழுதினா முடிஞ்சுது."

உண்மைதான். இன்றைக்கு அது ஒரு வரி. அந்த ஒரு வரி கைக்கு வராத காலத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், அந்தச் சின்ன வேலையால் ஒரு பெண்ணின் பிழைப்பும் அவள் புருஷனின் போட்டும் கரையேறி நின்றுவிட்டன. உங்கள் வயதில் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு வந்தது விக்கல்.

விக்கலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு விக்கல். கம்பெனியில் எந்த புராஜெக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதை என் தொண்டையை வைத்தே மேனேஜர் தெரிந்துகொள்வார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுடையது செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்ன கம்பெனி. கடலோரக் குப்பங்களில் தொழில் செய்பவர்களுக்குப் போட்டோ போட்ட அடையாள அட்டை தயாரிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எந்தத் துறை என்று கேட்காதீர்கள், அவர்கள் பாவம். முதல் தடவை போய் எல்லோரையும் படம் பிடித்துப் பெயர், விலாசத்தோடு டேட்டாபேஸில் ஏற்றினோம். இரண்டாம் தடவை சர்வரையே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் குப்பத்துச் சமூகக் கூடத்தில் வைத்து, இரண்டு கவுன்ட்டர் போட்டு, பெயரைத் தேடிப் பட்டனை அமுக்கினால் அட்டை அச்சாகி வரும். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் கொடுத்துவிடுவோம். அந்த அட்டை இருந்தால்தான் டீசல், அட்டை இருந்தால்தான் கடன். நடுக்கடலில் மறித்து யாரென்று கேட்டாலும் அட்டையைத்தான் நீட்ட வேண்டும்.

பல குப்பங்களில் புகார் இல்லாமல் முடிந்தது. இந்தக் குப்பத்திலிருந்து மட்டும் கூப்பிட்டான் பாபு. பாபு எங்கள் ஆள், ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவன். ஒரு கவுன்ட்டர் அவனுடையது.

"சார், உடனே கெளம்பி வாங்க. ஊரே கூடிக்கினு கீது. கார்டுல மூஞ்சி மாறிப்போச்சாம்."

"எத்தனை பேருக்குப்பா?"

"எண்ணிப் பாக்க வுடல சார். கார்ட தூக்கித் தூக்கி என் மூஞ்சிக்கு முன்னாடி ஆட்றாங்க."

முதல் விக்கல் அப்போதுதான் வந்தது. மேனேஜர் அதைக் கேட்டதுமே தலை நிமிர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். "போய் யாரு பண்ணாங்கன்னு பாரு. சாயந்தரத்துக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும். மேல பதில் சொல்லணும்" என்றார்.

கிளம்புவதற்கு முன் எங்களிடமிருந்த நகலில், பாபு சொன்ன பெயர்களைப் போட்டு ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்தேன். அத்தனையும் சரி. அவரவர் முகம், அவரவர் அட்டை. சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கோ சந்தேகம் பெருகியது. மிஷின் யோக்கியமானது என்றால் மனிதர்களில் யாரோ யோக்கியமில்லை என்றுதானே அர்த்தம்? திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டரில் போகும்போது வழிநெடுகச் சந்தேகப்பட்டேன். பாபு மீது பட்டேன், ஏனென்றால் அவன் ரொம்ப மரியாதையாகப் பேசுவான். பிளாஸ்டிக் உறை போடுகிறவர் மீது பட்டேன். ஜீப் டிரைவர் மீதும் பட்டேன். அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சமூகக் கூடத்தில் வடக்குத் தெரு ஆட்கள் ஒரு பக்கம், தெற்குத் தெரு ஆட்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு இடைவெளி. அதில் நடக்கத் தைரியம் உள்ளவர் யாரும் இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாட்டார். ஊர்ப் பஞ்சாயத்தில் முன்னால் உட்கார்ந்து முடிவு சொல்கிறவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். வடக்குத் தெரு நாட்டாருக்கு மீசை பெரிது. தெற்குத் தெரு நாட்டார் மீசையே வைக்கவில்லை. அது வடக்குத் தெரு மீசைக்கு எதிரான அறிக்கை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

வடக்குத் தெரு நாட்டார் ஒரு அட்டையை நீட்டினார். "இத்தப் பாரு சார். பேரு எங்காளு பேரு. மூஞ்சி தெக்குத் தெரு மூஞ்சி. நாளைக்கு எங்க பேர்ல அவன் லோன் எடுத்துகினு போவான், நாங்க வேடிக்க பாக்கணுமா?"

தெற்குத் தெரு நாட்டார் சும்மா இருப்பாரா? "ஆமா, இவுரு பேர்ல லோன் எடுக்கத்தான் நாங்க பொறந்துகீறோம். சார், இத்தயும் பாரு. இது எங்காளு கார்டு. உள்ள பல்ல காட்டிக்கினு கீறது அவுரு தம்பி."

"மிஷின்ல ஏதாவது கோளாறு..." என்று இழுத்தேன்.

"மிஷினுக்கு யாரு எந்தத் தெருன்னு எப்டி சார் தெரியும்?" என்றார் வடக்கு. "மாறின கார்ட எல்லாம் பாரு. எங்காளு கார்டுல எங்காளே இன்னொருத்தன் மூஞ்சி வந்துதா? வர்ல. கரிக்டா தெக்குத் தெரு மூஞ்சிதான் வருது. மிஷினு கெட்டுப்போனா இப்டிப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போவுமா?"

அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. வடக்கு அட்டை மாறியிருந்தால் உள்ளே தெற்கு முகம். தெற்கு அட்டை மாறியிருந்தால் உள்ளே வடக்கு முகம். ஒரே தெருவுக்குள் ஒன்றுகூட மாறவில்லை. நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. இது தெரு தெரிந்த ஒருவரின் வேலை. அப்படித்தான் நானும் நம்பினேன்.

இரண்டு தெருவும் தெரிந்து, கவுன்ட்டரில் உட்கார்ந்த ஒரே ஆள் மல்லிகா. பிளஸ் டூ முடித்துக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த பெண். வடக்குத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் வடக்குத் தெரு கவுன்ட்டரை அவளுக்குக் கொடுத்திருந்தோம். அவளுடைய கஷ்டகாலம், பிறந்த வீடு தெற்குத் தெருவில். ஆகவே வடக்குக்காரர்கள் "பொறந்த வூட்டுக்கு வேல செஞ்சுட்டா" என்றார்கள். தெற்குக்காரர்கள் "புருஷன் வூட்டுக்கு வேல செஞ்சுட்டா" என்றார்கள். பாபுவின் கவுன்ட்டரிலும்தானே மாறியது என்றால், கம்ப்யூட்டர் படித்தவளுக்கு இங்கிருந்தே அதை மாற்றத் தெரியாதா என்றார்கள். அந்த ஊரில் இரண்டு தெருவும் ஒரே கருத்துக்கு வந்தது அநேகமாக அன்றைக்குத்தான்.

முடிவையும் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரியும்வரை மல்லிகா கவுன்ட்டரில் உட்காரக் கூடாது. அவள் புருஷன் சேகரின் போட் கடலில் இறங்கக் கூடாது. உண்மை அவளுக்கு எதிராக வந்துவிட்டால் இரண்டுமே நிரந்தரம்.

அங்கிருந்த சர்வரில் மாறிய பெயர்களை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தேன். கூடமே எட்டிப் பார்த்தது. அத்தனையும் சரியாக வந்தன.

"பாத்தியா சார்?" என்றார் தெற்குத் தெரு நாட்டார். "அவ எந்திரிச்சா, மிஷினு ஒயுங்காயிடிச்சு."

நான் தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

மல்லிகா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். போய்ப் பேசினேன். இந்த இடத்தில் என்னை ஒரு துப்பறியும் அதிகாரியாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், விக்கலோடு.

"ஏம்மா, கார்டு எப்படிப் போட்ட? ஒண்ணு விடாம சொல்லு."

"இன்னா சார், ஸ்டேஷன்ல கேக்கற மாரி கேக்கற? பேரத் தேடுவேன். மூஞ்சி வரும். முன்னாடி நிக்கற ஆளப் பாப்பேன். சரியா இருந்தா அமுத்துவேன். அவ்ளோதான்."

"ஸ்கிரீன்ல மூஞ்சி சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்தாத்தான அமுத்துவேன்? ஸ்கிரீன்ல சரியா கீது, பேப்பர்ல மாறிக்கினு வருது. பேப்பரு என் கைக்கே வராது. நேரா பிளாஸ்டிக் போட்றவருகிட்ட போயிடும்."

"அதெப்படி நடுவுல மாறும்?"

"அத்தச் சொல்றதுக்குத்தான உன்ன கூப்ட்டு கீறாங்க?"

பதில் சரியாக இருந்தது. சரியாகப் பதில் சொல்கிறவர்கள் மீது எனக்குச் சந்தேகம் கூடும். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். நாட்டார் இருவரிடமும் போய், "அன்னைக்கு எப்படி நடந்துச்சோ அப்படியே ஒரு தடவை நடத்திக் காட்டச் சொல்லுங்க. நான் பின்னாடி நின்னு அந்தப் பொண்ணு விரலையே பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றேன். என் தந்திரத்தை இருவருமே ரசித்தார்கள்.

மல்லிகா வடக்குக் கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். பாபு தெற்குக் கவுன்ட்டரில். இருவருக்கும் முன்னால் ஒவ்வொரு ஆள். நான் மல்லிகாவின் முதுகுக்குப் பின்னால் கொக்கு மாதிரி நின்றேன். அவள் பெயரைத் தேடினாள். முகம் வந்தது. சரியான முகம்தான். ஆனால் அமுக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். பாபுவும் அப்படியே காத்திருந்தான்.

"ஏன் அமுக்கல?" என்றேன்.

"துண்டு வுழணும் சார்" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கவுன்ட்டருக்கும் நடுவே ஒருவர் துண்டை உயரத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த ஊரில் எப்போதோ ஒரு ஆடி மாதத்தில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது எந்தத் தெருப் பானையை முதலில் கவிழ்ப்பது என்று அடிதடி ஆகியிருக்கிறது. அதிலிருந்து ஒரு ஏற்பாடு. எதுவானாலும் ஒன்றாக. கூழ்ப்பானை இரண்டும் ஒரே நேரத்தில் கவிழும். துண்டு விழுந்தால் கவிழ்க்கலாம், அதற்கு முன்னால் கூடாது. அட்டை கொடுக்க நாங்கள் போனபோதும் யார் தெருவுக்கு முதல் அட்டை என்று கேள்வி வந்து, அதே ஏற்பாட்டைக் கவுன்ட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வடக்கில் ஒரு ஆள், தெற்கில் ஒரு ஆள், துண்டு விழும், இரண்டு பட்டனும் ஒன்றாக அமுக்கப்படும். முந்தின நாள் முழுவதும் இப்படியேதான் நடந்திருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, பாபுவும் அதை ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டான். பட்டனை எப்போது அமுக்குகிறீர்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

துண்டு விழுந்தது. இரண்டு விரல்கள் அமுக்கின. இரண்டு பிரிண்டர்களும் ஒரே சத்தத்தில் இழுக்க ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது: இரண்டு பட்டனும் ஒரே நேரத்தில் ஒரே சர்வரைத் தட்டுகின்றன.

வந்த இரண்டு அட்டைகளும் சரியாகவே இருந்தன. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லாமல் போய்விட்டது. சர்வர் முன்னால் உட்கார்ந்து, அட்டை அச்சடிக்கும் நிரலைத் திறந்தேன்.

நீங்கள் பிறக்காத காலமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு ஆவணம் தயாரிக்கும் எங்கள் மென்பொருளுக்கு டேட்டாபேஸுக்குள் இருக்கும் படத்தை நேராக எடுத்துக்கொள்ளத் தெரியாது. "பைலாகக் கொடு, ஒட்டுகிறேன்" என்று அடம்பிடிக்கும். ஆகவே படத்தை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, சர்வரில் ஒரு பைலாக வைத்து, அந்தப் பைலை ஆவணத்தில் ஒட்டினோம். இந்த நிரல் முன்பு வேறொரு ஆபீசுக்காக எழுதியது. அங்கே ஒரே ஒரு கிளார்க், ஒரே ஒரு பிரிண்டர். படத்துக்கு எப்போதும் ஒரே பெயரில் ஒரே பைல். ஒரு ஆளுக்கு அது போதும். அதையே தூக்கிக்கொண்டுவந்து இரண்டு கவுன்ட்டரில் வைத்துவிட்டோம்.

இப்படிப் பாருங்கள். மேஜையில் ஒரே ஒரு தட்டு. நான் அதில் இட்லி வைத்துவிட்டுக் கை கழுவத் திரும்புகிறேன். அதற்குள் நீங்கள் என் இட்லியைத் தள்ளிவிட்டு உங்கள் தோசையை வைத்துவிடுகிறீர்கள். நான் திரும்பி வந்து பார்க்காமல் சாப்பிடுகிறேன். எனக்கும் தோசை, உங்களுக்கும் தோசை. மற்ற குப்பங்களில் ஆட்கள் முன்னே பின்னே வந்தார்கள், தட்டு காலியாக இருந்தது. இங்கே துண்டு போட்டு ஒரே நேரத்தில் பரிமாறச் சொல்லியிருக்கிறார்கள். மிஷினுக்குத் தெரு தெரியாதுதான். ஆனால் கவுன்ட்டர் தெருவாரியாகப் பிரிந்திருந்தது. மாறினால் எதிர்க் கவுன்ட்டர் முகம்தான் வரும். எதிர்க் கவுன்ட்டரில் எதிர்த்தெரு.

வெளியே வந்து மேனேஜரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்ட இல்ல? மாத்திடு. ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனிப் பேருல பைல் வெச்சா முடிஞ்சுது. மாறின அட்டைய மறுபடி அடிச்சுக் குடுத்துட்டுச் சத்தமில்லாம வந்துடு. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதிக்கலாம். அந்தப் பொண்ணு நம்ம ஸ்டாஃப் கூடக் கெடையாது."

"சரி சார்" என்றேன். வீரமாக ஏதாவது சொல்லியிருப்பேன் என்று எதிர்பார்த்தீர்களானால் மன்னிக்கவும். என் தொண்டை அன்றைக்கு வேறு வேலையில் இருந்தது.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மாற்ற வேண்டியது ஒரே வரி. விரலை விசையில் வைத்தேன். ஜன்னல் வழியாகக் கடற்கரை தெரிந்தது. போட்டுகளுக்கு நடுவே ஒன்றின் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கூடத்தில் இருக்க, அவர் மட்டும் அங்கே. அவர்தான் சேகராக இருக்க வேண்டும்.

அப்போது என் சந்தேகப் புத்தி ஜென்மத்தில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்தது. என்னுடைய திருத்தத்தின் மீதே சந்தேகப்பட்டது. இப்போது சத்தமில்லாமல் சரிசெய்கிறேன். நாளைக்கு வேறு யாரையோ கவுன்ட்டரில் உட்கார வைப்பார்கள். அட்டைகள் எல்லாம் சரியாக வரும். ஊர் என்ன சொல்லும்? "பாத்தியா, மல்லிகா போனா, எல்லாம் சரியாயிடிச்சு." நான் சரிசெய்ததே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அதற்குப் பிறகு நானே வந்து சத்தியம் செய்தாலும் எடுபடாது. தப்பு செத்துப் போயிருக்கும், பிணத்தைக்கூடக் காட்ட முடியாது.

விரலை எடுத்துவிட்டேன். என்னிடமிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டுமானால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தப்புக்காக ஒரு மனிதர் மாட்டிக்கொண்டிருக்கும்போது அதை அவசரப்பட்டுச் சரிசெய்யாதீர்கள். முதலில் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டுங்கள். பிறகு சரிசெய்யுங்கள்.

கூடத்துக்கு நடுவே போய் நின்றேன். "தப்பு மிஷின்லதான். அந்தப் பொண்ணு மேல இல்ல. காட்றேன்" என்றேன்.

வடக்குத் தெரு நாட்டார் மீசையைத் தடவினார். "உள்ள போயி இவ்ளோ நேரம் கம்ப்யூட்டர நோண்டிக்கினு இருந்த. இப்ப வந்து மிஷினுன்ற. நீயே ஏதாச்சும் செஞ்சு வெச்சுட்டு வர்றியா?"

"அந்தப் பொண்ணு எவ்ளோ குடுத்தா?" என்றது தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நியாயமான சந்தேகங்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். "நான் தொடல. பாபுவும் தொடல. மல்லிகா வாசல்ல கைய கட்டிக்கிட்டு நிக்கட்டும். நாட்டார் ரெண்டு பேரும் வந்து அவங்கவங்க கார்ட அவங்களே போடட்டும்" என்றேன்.

சலசலப்பு அடங்க நேரம் பிடித்தது. இருவரையும் உட்கார வைத்து, பெயரைத் தேடி, ஸ்கிரீனில் அவரவர் முகம் வருவதைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, "இந்தப் பட்டன்தான். துண்டு விழுந்ததும் அமுக்குங்க" என்று விரலை எடுத்து வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றேன்.

துண்டு விழுந்தது. அட்டைகள் வந்தன. இரண்டும் சரி.

"இன்னா சார், மிஷினு இன்னிக்கு ஒயுங்கா கீதே?"

"இன்னொரு தடவை" என்றேன். விக்கல்.

மறுபடியும் சரி. எழுதிய நிரல் ஓட வேண்டும் என்று சாமியை வேண்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஒருமுறை மட்டும் தப்பாக ஓடிவிடு என்று வேண்டியவன் நான்தான். அதுவோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைப் பார்த்த பிள்ளை மாதிரி நல்லபிள்ளையாக நின்றது. நிரலில் படத்தை வைப்பதற்கும் ஒட்டுவதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் வைத்தால் கட்டாயம் மாறும் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் தொடமாட்டேன் என்று இப்போதுதான் சொல்லியிருந்தேன். யாரோ ஒரு அம்மாள் எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்து, "குடி நைனா, ஊரு போயிச் சேர்ற வரைக்கும் உசுரு இருக்கணும் இல்ல" என்றார். வடக்குப் பக்கம் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் தடவை என்ன நடக்கிறது என்று நாட்டார்களின் விரல்களைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, விக்கலும் வந்தது. துண்டு கையை விட்டு நழுவுவதற்குள் தெற்குத் தெரு நாட்டார் அமுக்கிவிடுகிறார். முந்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. வடக்குத் தெரு நாட்டாரோ, இவர் அமுக்கிய பிறகு கெத்தாக, நிதானமாக அமுக்குகிறார். ஒன்றாக அமுக்கினால்தானே மோதும்?

இதை நான் எப்படிச் சொல்வேன்? ஊர்த் தலைவரைப் பார்த்து நீங்கள் திருட்டு ஆட்டம் ஆடுகிறீர்கள் என்றா? நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெரிப்பா, கூழு ஊத்தறப்ப மட்டும் துண்டப் பாத்து ஊத்துவீங்க இல்ல? இப்ப இன்னா முந்திரிக்கொட்ட மாரி முந்திக்கினு அமுத்தற?" மல்லிகா கையைக் கட்டியபடியே நின்றாள். கட்டச் சொன்னது கையைத்தானே. பிறகு இன்னொரு பக்கம் திரும்பினாள். "மாமா, நீயும் தூங்கி எந்திரிச்சு அமுத்தாத. நானும் பாபுவும் நாள் பூரா ஒண்ணா அமுத்தலியா? ரெண்டு பெரிய மனுஷங்களால முடியல?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தெற்குத் தெரு நாட்டாரின் காது சிவந்தது. வடக்குத் தெரு நாட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவருமே கண்ணை எடுக்காமல் துண்டைப் பார்த்தார்கள்.

துண்டு விழுந்தது. விசைகள் இரண்டும் ஒரே 'டக்'கில் இறங்கின. பிரிண்டர்கள் ஒரே குரலில் இழுத்தன.

வடக்குத் தெரு நாட்டார் தன் அட்டையை எடுத்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், அவர் வீட்டு எண். நடுவில் மீசையில்லாமல் தெற்குத் தெரு நாட்டார்.

தெற்குத் தெரு நாட்டாரின் அட்டையிலும் தெற்குத் தெரு நாட்டார்தான்.

"இவன் மூஞ்சி எனக்கு இன்னாத்துக்கு?" என்று கத்தினார் வடக்கு.

"யோவ், கிழிச்சிப் போடுய்யா அத்த! என் மூஞ்சிய இவன் பாக்கெட்ல வெச்சுக்கினு சுத்தினா நான் நாண்டுக்கினு செத்துருவேன்!" என்று அதைவிடப் பலமாகக் கத்தினார் தெற்கு.

கூடம் வெடித்துச் சிரித்தது. அட்டை கைக்குக் கை போனது. வடக்கிலிருந்து தெற்குக்கும், தெற்கிலிருந்து வடக்குக்கும், அந்த நடு இடைவெளியைத் தாண்டிப் போனது. நான் தட்டு, இட்லி, தோசைக் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை கேட்டார்கள். வடக்குத் தெரு நாட்டார் வாசலைப் பார்த்து, "வந்து ஒன் எடத்துல குந்து. சேகரு நாளைக்குத் தொழிலுக்குப் போவட்டும்" என்றார். தெற்குத் தெரு நாட்டார் "ம்" என்றார்.

"நாளைக்கு இன்னாத்துக்கு?" என்றாள் மல்லிகா. "சாயந்தர வலைக்கே போவட்டும். இன்னும் எவ்ளோ நேரம் கரைல ஒக்காந்துகினு கெடப்பாரு?"

நாட்டார் இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டு, ஊரே பார்த்துவிட்டது, இனி கவனக்குறைவு என்று யார் பெயரையும் எழுத முடியாது என்றேன். "முதல்ல அந்த வரிய மாத்து" என்று சொல்லிவிட்டு வைத்தார். மாற்றினேன். மற்ற குப்பங்களிலும் போய் ஒவ்வொரு அட்டையாகச் சரிபார்த்தது வேறு கதை. அதில் விக்கல் இல்லை, கால்வலிதான்.

மல்லிகா கவுன்ட்டருக்கு வந்தாள். ஆனால் உட்காரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி பண்ணிட்டியா சார்? நெசமாவா? இல்ல, நாளைக்கு மறுபடி மாறி, மறுபடி என் தலைலயே வுழுமா?"

"பண்ணிட்டேம்மா."

"அப்ப மொதல்ல என் கார்டயும் எங்க வூட்டுக்காரர் கார்டயும் போடு. ரெண்டு கவுன்ட்டர்லயும், ஒண்ணா. துண்டு போட்டு."

கரைக்கு ஆள் ஓடியது. சேகர் வந்தார். லுங்கியெல்லாம் மணல். யார் முகத்தையும் பார்க்காமல் பாபுவின் கவுன்ட்டர் முன்னால் நின்றார். மல்லிகா தன் கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். துண்டு விழுந்தது. மல்லிகா தன் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் புருஷனின் அட்டையை எடுத்தாள். அவர் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். என் விக்கலும் நின்றுவிட்டது.

"அதே மூஞ்சிதான்" என்றாள். "இவ்ளோ பேருக்கு மாறிக் குடுத்த மிஷினு, எனக்குன்னு வர்றப்ப மட்டும் மாத்த மாட்டேன்னுடிச்சு பாரு."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்து அட்டையை வாங்கி, பிளாஸ்டிக் உறை போடுகிறவரிடம் கொடுத்து, சூடு ஆறுவதற்குள் வாங்கிப் பனியனுக்குள் செருகிக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கரையிலிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. மல்லிகா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "அடுத்த ஆளு வாங்க" என்று கூப்பிட்டாள்.